தன் கையே தனக்கு உதவி: நாமக்கல் கவிஞர் சரிதம்



நம் சமூகத்தில் எழுதும் ஆற்றலும் எழுத வேண்டும் என்னும் வேட்கையும் உடைய இளைஞர் பலர் உளர். அவர்கள் அவ்விருப்பத்தை வீட்டில் வெளியிடும்போது பெற்றோர் கேட்கும் வினா ஒன்றே. பாட்டும் கதையும் எழுதினால் அடுப்பெரியுமா என்பதே அவ்வினா. இதனைப் பழிப்பதற்கில்லை. பிள்ளைகளின் பிற்கால வாழ்வைப் பற்றிய கவலையினின்று எழுவது அது. ஆயினும், அதற்கு விடையாக எழுதுகோலைக் கீழே வைத்துவிடு என்றே பெரும்பாலோர் சொல்லிவிடுதலின், பயிர் பலவும் முளையிலேயே கருகிப்போகின்றன. இவ்வினாவுக்குத் தம் வாழ்க்கையையே விடையாகத் தந்து சென்ற ஒரு பெரியாருடைய சரிதத்தை இவ்விதழில் எடுத்துரைக்க எண்ணினோம். கொல்லிமலை கண்ணுக்குத் தெரியும் ஊரில் வாழ்ந்து, அம்மலைச் சீமைக்கே புதுப்புகழ் தேடித் தந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையவர்களே அப்பெரியார்.

மலையும் புலவரும்

நாமக்கல் நகரின் நடுவே ஒரே பாறையாக எழுந்து நிற்கும் குன்றின்மேல் ஏறி நோக்குவோர்க்கு, வடகிழக்கே நீலநிறமாய் நீண்டு கிடக்கும் கொல்லிமலை காட்சி தரும். இக்காலத்தில் 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து வண்டிகள் அம்மலைமேற் செல்கின்றன. மேலே அறப்பளீசுவரர் திருக்கோயிலும், ஐயாற்றின் நீர் விழும் ஆகாயகங்கை அருவியும், செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலையும் உள்ளன.

கொல்லிமலையின் பெயரைக் கேட்டவுடன் தமிழ் கற்றோர் நெஞ்சில் இரண்டு உருவங்கள் தோன்றும். ஒன்று, கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய ஓரி. மற்றொன்று, கொல்லிப்பாவை. காற்று மோதினும், மழை தாக்கினும், இடி விழினும், நிலமே நடுங்கினும் தன் அழகு குன்றாத பாவை அது என்று சங்கப் புலவர் போற்றியுள்ளனர். ஆகவே, பாட்டுக்கும் உருவக் கலைக்கும் ஒருங்கே உறைவிடமாகத் தமிழர் நெஞ்சில் இடம்பெற்ற மலை இதுவென்று சொல்லலாம்.

ஓரியைப் பாடினோர் பலர். வன்பரணர் அவன் கொடையைப் பாடினார். கழைதின் யானையார் என்னும் புலவர் அவனை முன்னிறுத்திப் பாடியது புறநானூற்றில் 204-ஆம் பாட்டாக உள்ளது. இரத்தல் இழிவு, இரந்தவர்க்கு இல்லையென்றல் அதனினும் இழிவு, கேளாமலே கொடுத்தல் உயர்வு, கொடுப்பதைக் கொள்ளேன் என்றல் அதனினும் உயர்வு என்னும் கருத்து அதன்கண் அமைந்துள்ளது. பரிசில் பெற்று வாழ்ந்த புலவர் ஒருவர், வள்ளல் ஒருவனின் முன்னிலையிலேயே, கொள்ளாமையின் உயர்வை எடுத்துரைத்தார் என்றால் அப்புலவர் நெஞ்சின் திண்மையை என்னென்பது! அதே மலையின் அடிவாரச் சீமையில், ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்குப் பின், அக்கருத்தை வேறொரு முறையில் வாழ்ந்து காட்டியவர் நம் கவிஞர்.

பிறப்பும் கல்வியும்

கவிஞர் 1888-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 19-ஆம் நாள், காவிரிக் கரையிலுள்ள மோகனூரில் பிறந்தார். அக்காலத்தில் அவ்வூர் சேலம் ஜில்லாவின் நாமக்கல் தாலுகாவைச் சேர்ந்திருந்தது. நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது 1997-ஆம் ஆண்டிலேயாம். தந்தையார் வேங்கடராம பிள்ளை போலீஸ் இலாகாவில் ஏட்டாகப் பணிபுரிந்தவர். தாயார் அம்மணியம்மாள். அவ்விருவருக்கும் எட்டாவது குழந்தையாக இவர் தோன்றினார். பெண்மக்களுக்குப் பின் பிறந்த ஆண்மகவின்பால் பெற்றோர் எத்துணை அன்பும் எத்துணை எதிர்பார்ப்பும் வைத்திருப்பர் என்பதை நாம் கூறவும் வேண்டுமோ!

நாமக்கல்லிலும் கோயம்புத்தூரிலும் பள்ளிக் கல்வி பயின்ற பின்னர், திருச்சிராப்பள்ளி பிஷப் ஹீபர் கல்லூரியிற் சேர்ந்து பயின்றார். அந்நாளில் ஆங்கிலங் கற்று வெளிவரும் இளைஞனுக்கு வழி ஒன்றே என்று எல்லோரும் எண்ணினர். அதுவே சர்க்கார் உத்தியோகம். தம்மைப்போலவே மகனும் போலீஸ் இலாகாவிற் சேர்ந்து, தம்மினும் உயர்ந்த பதவியில் அமர வேண்டும் என்பது தந்தையார் ஆவல். மகனோ அதற்கு உடன்படவில்லை. நாமக்கல் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராகச் சில காலமும், தொடக்கப் பள்ளியில் ஆசிரியராகச் சில காலமும் வேலை பார்த்தார். அவற்றிலும் அவர் மனம் பொருந்தவில்லை. இளமை முதல் அவர் கையைவிட்டு நீங்காதிருந்த தூரிகையே பிழைப்புக்கு வழியாயிற்று.

ஏட்டின் மகன் படமெழுதிப் பிழைப்பதா என்று அக்காலத்தவர் எண்ணியிருத்தல் இயல்பே. ஆனால் இம்முடிவே அவரைப் பிற்காலத்தில் சுதந்திரப் புலவராக வாழவைத்தது என்பதை இச்சரிதத்தைத் தொடர்ந்து நோக்குவோர் உணர்வர்.

தூரிகை தந்த ஜீவனம்

அந்நாளில் புகைப்படக் கருவி நகரங்களிற் பரவியிருந்ததாயினும், வண்ணத்தில் உருவத்தைக் காண விரும்பிய செல்வர் ஓவியரையே நாடினர். இரவிவர்மாவின் படங்கள் அச்சாகி வீடுதோறும் பரவியிருந்தமையால் ஓவியத் தொழிலுக்கு மதிப்பும் ஓரளவு ஏற்பட்டிருந்தது. தெய்வத் திருவுருவங்களையும் பெரியோர் உருவங்களையும் எழுதுவித்து வீட்டில் மாட்டிக் கொள்வது பெருமையாகக் கருதப்பட்டது. நம் கவிஞர் இத்தொழிலை எவரிடமும் கைகட்டி நில்லாமல் செய்து வந்தார். 1911-ஆம் ஆண்டின் இறுதியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கு முடிசூட்டுத் தர்பார் தில்லியில் நிகழ்ந்ததையொட்டி, மன்னர் குடும்பத்தைச் சித்திரித்து ஒரு படம் எழுதினார். அதற்குத் தங்கப் பதக்கம் பரிசாகக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 23.

இப்படத்தை நம் நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்களாக. எந்த மன்னரின் உருவத்தை எழுதிப் பதக்கம் பெற்றாரோ, அதே மன்னரின் ஆட்சியை எதிர்த்து 19 ஆண்டுகட்குப் பின் நாடெங்கும் முழங்கிய பாட்டை எழுதியதும் அதே கைதான். பரிசு பெற்றமையால் அக்கை கட்டுண்டுவிடவில்லை. செய்த வேலைக்குக் கூலி பெற்றான் தொழிலாளி. அவ்வளவில் கணக்குத் தீர்ந்தது. ஒருவர் தந்த சம்பளத்தை மாதந்தோறும் பெற்று வாழ்ந்திருப்பாராயின், அவர் முகத்தை நோக்கியே பாட வேண்டி வந்திருக்கும். தூரிகை தந்த வருவாய் பெரிதன்று. எனினும் அஃது எவருடைய தயவிலும் வந்ததன்று.

கையால் ஒரு தொழில் செய்து பிழைத்துக்கொண்டே பாட்டெழுதியோர் பிற நாடுகளிலும் உளர். இங்கிலாந்தில் 1757 முதல் 1827 வரை வாழ்ந்த வில்லியம் பிளேக் என்பார் செப்புத் தகட்டிற் சித்திரம் செதுக்கி வயிறு வளர்த்தார். தம் கவிதைகளைத் தாமே தகட்டிற் பொறித்து, தாமே வண்ணமிட்டு நூலாக்கினார். உலகம் அவரை மதித்தது அவர் காலத்திற்குப் பிறகே. எனினும், எழுதுவதை எவருக்காகவும் மாற்றியெழுத வேண்டிய நிலை அவருக்கு நேரவில்லை.

பாரதியாரைக் கண்டது

ஓவியராய் அறியப்பட்ட பிள்ளையவர்கள் அக்காலத்திலேயே பாட்டுங் கட்டி வந்தார். நாடகமேடைக்கு வேண்டிய பாடல்களும் அவரிடமிருந்து பிறந்தன. மேடைப்பாட்டு எழுதுவதைக் குறைவாக எண்ணுவோர் அறிய வேண்டியது ஒன்றுண்டு. நாடகக் கொட்டகையில் தரையில் அமர்ந்திருப்பவன் அகராதியைப் புரட்டிக்கொண்டிருக்க மாட்டான். பாடுவோன் வாயிலிருந்து சொல் புறப்பட்ட கணத்திலேயே அதன் பொருள் கேட்போன் நெஞ்சிற் சென்று தைக்க வேண்டும். எளிமையாகவும் இசையோடும் எழுதும் பழக்கம் நம் கவிஞருக்குக் கைவந்ததில் இம்மேடைப் பயிற்சிக்கும் பங்குண்டு என்பதில் ஐயமில்லை.

1918-ஆம் ஆண்டு புதுவையை விட்டு வெளியேறிய பாரதியார், செட்டிநாட்டுக் கானாடுகாத்தானுக்கு வந்திருந்தபோது, நம் கவிஞர் அவரை நேரிற் கண்டார். பாரதியார் விரும்பிக் கேட்க, தாம் இயற்றிய பாட்டொன்றைப் பாடிக் காட்டினார். பிறர் நாட்டை ஆளவிட்டுக் கைகட்டி நிற்கும் இழிவை நொந்து பாடிய பாட்டு அது. கேட்ட பாரதியார் உள்ளம் பூரித்து, இவர் உண்மையிற் புலவரே என்று வாயாரப் பாராட்டினார். படமெழுதுவோர் என்று ஊரார் அறிந்திருந்தவரைப் புலவரென்று மகாகவியே முத்திரையிட்ட நாள் அது.

அச்சந்திப்பில் மற்றொரு பாடமும் மறைந்துள்ளது. பாரதியார் எழுதுகோல் ஒன்றையே நம்பி வாழ்ந்தவர். 1920-ஆம் ஆண்டில் தம் நூல்கள் அனைத்தையும் 40 பகுதிகளாக அச்சிட்டு வெளியிட எண்ணி, பொதுமக்களிடம் பொருளுதவி வேண்டினார். தமிழ்நாடு செவிசாய்க்கவில்லை. 1921-ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர் மறைந்தார். ஜமீன்களும் ஆதீனங்களும் புலவரைப் புரந்த காலம் மறைந்துவிட்டது. நூலை விலை கொடுத்து வாங்கும் வாசகர் கூட்டமோ அந்நாளில் இன்னும் திரளவில்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வறண்ட நிலத்திலேதான் அக்காலத்துத் தமிழ் எழுத்தாளர் பயணஞ் செய்ய வேண்டியிருந்தது. அந்நிலத்தைக் கடப்பதற்கு நம் கவிஞரிடம் தூரிகை என்னும் ஊன்றுகோல் இருந்தது. பாரதியாருக்கு அஃதும் இல்லை.

நடந்து சென்ற பாட்டு

இளமையில் திலகரின் வழியிற் பற்றுக் கொண்டிருந்த கவிஞர், பின்னர் மகாத்மா காந்தியடிகளின் அஹிம்சை நெறியைத் தம் நெறியாக ஏற்றார். நாமக்கல், கரூர் வட்டாரங்களில் காங்கிரஸ் பணியை முன்னின்று நடத்தினார். ஊர் ஊராய்ச் சென்று பேசலானார். கூட்டத்திற்குப் போகும் நாளில் படமெழுத இயலாது. படமெழுதாத நாளில் வருவாய் இல்லை. ஆகவே, தேசத்தொண்டு வளர வளரத் தூரிகையின் வேலை சுருங்கிற்று. இல்லத்தில் நெருக்கடி மிகுந்தது. தமக்கு உதவிய தொழிலையே நாட்டுக்காகச் சிறிது சிறிதாக விட்டுக்கொடுத்த தியாகம் இது. சிறைக்குச் சென்றதை மட்டுமே தியாகமென்று எண்ணுவோர் இதனையும் கருத்திற் கொள்ள வேண்டும்.

1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள், ராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ 100 தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியத்தை நோக்கி உப்புச் சத்தியாக்கிரக யாத்திரை புறப்பட்டனர். ஏறத்தாழ 150 மைல் நடை. அவர்களுக்கு உணவோ இடமோ கொடுப்போர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை ஜில்லா கலெக்டர் அச்சுறுத்தினார். ஆயினும் காவிரிக்கரை மக்கள் மறைவாகச் சோறளித்துத் தொண்டர்களைக் காத்தனர். ஏப்ரல் 30-ஆம் நாள் வேதாரணியத்தில் உப்புச் சட்டம் மீறப்பட்டது. அந்நடைக்குரிய வழிநடைப் பாட்டாக அமைந்தது நம் கவிஞர் இயற்றியது. படைக்கலமும் குருதியும் இல்லாத புதுவகைப் போரொன்று வருகின்றதென்றும், உண்மையை நம்புவோர் அனைவரும் அதிற் சேரலாமென்றும் அழைக்கும் பாட்டு அது. தமிழ்நாட்டில் அதனை அறியாதார் இரார்.

அப்பாட்டின் அமைப்பைச் சற்றே ஆராய்ந்து பார்த்தல் எழுதப் பழகும் இளைஞர்க்குப் பயன்படும். நடப்பவன் பாட வேண்டுமாயின், அடிகள் அவன் மூச்சுக்கு அடங்கியவையாய் இருத்தல் வேண்டும். காலடியும் தாளமும் ஒத்திருத்தல் வேண்டும். வெயிலிற் களைத்தவனுக்கு நினைவு தவறாதபடி சொற்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வர வேண்டும். உரையாசிரியரின் துணையை நாடும் சொல் ஒன்றுகூட அதில் இருத்தலாகாது. இத்தனையும் அமைந்திருத்தலாலேயே அப்பாட்டு அச்சுப் புத்தகத்தை எதிர்பாராமல் வாய்வழியே ஊர் ஊராய்ப் பரவிற்று. சோறு கொடுப்பதைத் தடுக்க முயன்ற அதிகாரம் பாட்டுப் பரவுவதைத் தடுக்க வழியறியவில்லை. 1932-ஆம் ஆண்டில் சட்டமறுப்பு இயக்கத்திற் கலந்துகொண்டமைக்காகக் கவிஞர் ஓராண்டு சிறைத்தண்டனை அனுபவித்தார்.

எழுதிய முறை

ஓர் ஆசிரியர் எவ்வாறு எழுதினார் என்பதை அவருடைய நூல்களே காட்டிவிடும். நம் கவிஞரின் நூல்களை ஒருங்கே வைத்து நோக்குவோர்க்கு மூன்று பண்புகள் புலனாகும்.

முதலாவது, காட்சியைக் கண்முன் நிறுத்தும் ஆற்றல். உருவம் எழுதுவோன் கோடு இழுக்குமுன் நெடுநேரம் நோக்குகின்றான். எதை எழுத வேண்டும் என்பதைப்போலவே எதை விட வேண்டும் என்பதையும் தீர்மானிக்கின்றான். நம் கவிஞரின் பாட்டில் சுமையான அடைமொழிகள் குறைவு. சொல்ல வந்த பொருள் திரைச்சீலையில் உருவம் நிற்பதுபோலத் தெளிவாக நிற்கும். இது தூரிகை கற்பித்த அடக்கம் என்றே கருதுகின்றோம்.

இரண்டாவது, ஒரே துறையில் அடங்கிக் கிடவாமை. கவிதைகளோடு, அவனும் அவளும் என்னும் செய்யுட் கதையும், மலைக்கள்ளன், கற்பகவல்லி முதலிய கதைகளும், நாடகமும், கட்டுரைகளும், என் கதை என்னும் தன்வரலாறும், திருக்குறளுக்கு உரையும் அவர் எழுதினார். எழுத்தையே நம்பி வாழ்வோன் பல துறையிலும் கைவைக்க நேர்தல் இயல்பு. ஆயினும், எத்துறையில் எழுதினாலும் எளிய நடையும் ஒழுக்கத்திற் கொண்ட உறுதியும் மாறவில்லை.

மூன்றாவது, சில நூல்களை வாழ்நாள் முழுதும் விடாது பயிலுதல். திருக்குறளும் கம்பராமாயணமும் அவருக்கு அத்தகைய நூல்கள். குறளுக்கு முன்னோர் எழுதிய உரைகளை அவர் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுக்கொள்ளவில்லை. பரிமேலழகர் போன்ற பேராசிரியரோடும் மாறுபட வேண்டிய இடத்தில் மாறுபட்டார். திருவள்ளுவர் திடுக்கிடுவார் என்று ஒரு நூலுக்குப் பெயரிட்டதிலிருந்தே அவருடைய துணிவு விளங்கும். அவ்வாறே, ஆரியர் திராவிடர் என்னும் பிரிவினைவாதம் தமிழகத்தில் ஓங்கியிருந்த காலத்தில், அதனை மறுத்து வெளிப்படையாக எழுதினார். அவர் கருத்தை ஏற்பார் ஏற்கலாம், மறுப்பார் மறுக்கலாம். கைதட்டலுக்காக அவர் எழுதவில்லை என்பதை மட்டும் எவரும் மறுத்தற்கில்லை. பிழைப்புக்கு ஒருவர் கையை எதிர்பாராமல் வாழ்ந்து பழகிய நெஞ்சே புகழுக்கும் பலர் வாயை எதிர்பாராமல் நிற்க வல்லது.

மலைக்கள்ளன்

இவற்றுள் மலைக்கள்ளனைப் பற்றி ஒரு சொல். மலையில் வாழும் கள்ளன் ஒருவன், எளியோர்க்கு உதவியாகவும் கொடியோர்க்கு அச்சமாகவும் விளங்குவதைக் கூறுவது அக்கதை. போலீஸ்காரரின் மகனாய்ப் பிறந்து, போலீஸ் உத்தியோகத்தை வேண்டாவென்று விடுத்தவர், போலீசார் தேடும் கள்ளனையே கதைத் தலைவனாக்கிக் கதை புனைந்தது நகைப்புக்கும் சிந்தனைக்கும் உரியது. சட்டம் வேறு, நீதி வேறு என்பதை உப்புக் காய்ச்சியதற்காக மக்கள் சிறைபுகுந்த காலத்தில் வாழ்ந்தவர் அறியாரோ! நாள்தோறும் மலையை நோக்கி வளர்ந்தவருக்கு மலை வெறும் கல்லும் மரமுமாய்த் தோன்றாது. ஊரில் கிட்டாத நீதி ஒளிந்திருக்கும் இடமாகவுந் தோன்றும்.

கோயம்புத்தூர்ப் பட்சிராஜா ஸ்டூடியோவினர் இக்கதையை 1954-ஆம் ஆண்டில் சினிமாவாக எடுத்தனர். எம். ஜி. இராமச்சந்திரனும் பானுமதியும் நடித்தனர், மு. கருணாநிதி வசனம் எழுதினார். அவ்வாண்டின் தமிழ்ப் படங்களுள் ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் பெற்றது அப்படமே. 1955-ஆம் ஆண்டில் ஆசாத் என்னும் பெயரில் அது ஹிந்தியிலும் வந்தது. பிற மொழிகளிலும் எடுக்கப்பட்டது. நாமக்கல்லில் பிறந்த ஒரு கதை விந்தியத்தைக் கடந்து சென்ற வரலாறு இது.

பின்னாட் சிறப்பு

1940-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் தமிழ் வாசகர் தொகை பெருகிற்று. சின்ன அண்ணாமலை நடத்திய தமிழ்ப் பண்ணை போன்ற பதிப்பகங்கள் நூல்களை அழகுற அச்சிட்டு வெளியிட்டன. கவிஞரின் நூல்களும் அவ்வாறு வீடுகளுக்குச் சென்று சேர்ந்தன. நாடு விடுதலை பெற்றபின், 1949-ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கம் அவரைத் தன் முதல் அரசவைக் கவிஞராக நியமித்தது. 1956-ஆம் ஆண்டிலும் 1962-ஆம் ஆண்டிலும் சட்ட மேலவை உறுப்பினரானார். 1971-ஆம் ஆண்டில் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ஆம் நாள், தம் 83-ஆம் வயதில் கவிஞர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அரசாங்கப் பதவியை ஏற்றாரே, அது முற்கூறிய கொள்ளாமைக்கு மாறன்றோ என்று ஒருவர் வினவலாம். நாளையும் ஆண்டையும் கணக்கிட்டுப் பார்த்தால் ஐயம் நீங்கும். அரசவைக் கவிஞராகும்போது அவருக்கு வயது 60 நிறைந்திருந்தது. உப்பு யாத்திரைப் பாட்டு எழுதி 19 ஆண்டுகள் கழிந்திருந்தன. சிறையும் வறுமையும் அனுபவித்து முடிந்திருந்தன. எந்தப் பாட்டால் அவர் பெயர் நிலைக்குமோ அந்தப் பாட்டு எந்த அரசின் சம்பளத்தாலும் பிறந்ததன்று. பாட்டு முந்திற்று; பதவி பிந்திற்று. பதவிக்காகப் பாடுவது வேறு. பாடியவரைத் தேடிப் பதவி வருவது வேறு.

இன்று சென்னைத் தலைமைச் செயலகத்தின் பத்துமாடிக் கட்டடம் நாமக்கல் கவிஞர் மாளிகை என்னும் பெயர் தாங்கி நிற்கின்றது. தாலுகா அலுவலகத்து எழுத்தர் நாற்காலியில் மனம் பொருந்தாது எழுந்து போனவரின் பெயரை, மாநிலத்தின் தலைமை அலுவலகமே சூடிக்கொண்டது காலத்தின் விளையாட்டு. நாமக்கல்லில் அவர் வாழ்ந்த வீடு நினைவில்லமாகவும் நூலகமாகவும் விளங்குகின்றது. அந்நகரின் அரசு மகளிர் கலைக் கல்லூரியும் அவர் பெயரைத் தாங்கியுள்ளது. அவருடைய நூல்களை அரசாங்கம் நாட்டுடைமையாக்கியமையால் அவை எல்லோர்க்கும் பொதுச்சொத்தாயின.

நாம் கொள்ள வேண்டியது

சகோதரர்களே! பெருமக்களைத் தம் தம் சாதிக்கு உரியவராக்கிக் கொண்டாடும் வழக்கம் நாட்டில் மிகுந்துள்ளது. நம் சங்கத்தின் ஏட்டில் இக்கவிஞரைப் பற்றி எழுதியது அந்நோக்கத்தாலன்று. தமிழர் அனைவரையும் ஓரினமாகக் கண்டு பாடியவரை ஒரு வேலிக்குள் அடைத்தல் தகாது. அவர் வாழ்ந்து காட்டிய நெறியே நமக்கு வேண்டுவது.

அந்நெறியாவது யாது? எழுத விரும்பும் இளைஞன் எழுத்தை விட வேண்டியதில்லை. பட்டினி கிடக்க வேண்டியதும் இல்லை. மானத்தோடு பிழைக்கத்தக்க கைத்தொழில் ஒன்றைக் கற்றுக்கொள்வானாக. தச்சோ, நெசவோ, அச்சுக் கோத்தலோ, பயிர்த்தொழிலோ, இக்காலத்துக் கணினிப் பணியோ, எதுவாயினும் ஆகுக. அத்தொழில் அவன் வயிற்றைக் காக்கும்; வயிறு காக்கப்படுமாயின் அவன் நாவும் காக்கப்படும். பகலில் உழைத்து இரவில் ஒரு பக்கம் எழுதினாலும், ஆண்டு முடிவில் ஒரு நூலாகும். கைத்தொழில் எழுத்துக்குப் பகையென்று எண்ணுதல் தவறு. தூரிகை கற்பித்த அடக்கமன்றோ நம் கவிஞரின் பாட்டில் தெளிவாகப் பழுத்தது!

பெற்றோர்க்கும் ஒரு விண்ணப்பம். வேங்கடராம பிள்ளையவர்கள் தம் மகனைப் போலீஸ் அதிகாரியாகக் காண விரும்பினார். அவ்விருப்பம் நிறைவேறியிருப்பின், நாமக்கல் தாலுகா ஓர் அதிகாரியைப் பெற்றிருக்கும். ஓய்வூதியத்தோடு அவர் கதை முடிந்திருக்கும். தமிழ்நாடோ ஒரு கவிஞரை இழந்திருக்கும். உங்கள் வீட்டுப் பிள்ளை சுவரில் கரிக்கோடு இழுத்தாலும், கணக்கு நோட்டின் ஓரத்தில் பாட்டெழுதினாலும், உடனே சினந்து கிழித்தெறியாதீர்கள். பொறுத்துப் பாருங்கள், உடன் ஒரு தொழிலையும் கற்பியுங்கள்.

அடுத்தமுறை கொல்லிமலைக்குச் செல்லும் அன்பர்கள், அறப்பளீசுவரரைத் தொழுது, ஓரியின் சிலையையும் கண்டபின், கீழே இறங்கி நாமக்கல்லில் கவிஞர் இல்லத்தையும் ஒருமுறை கண்டு வருவார்களாக. கொடுத்துச் சிவந்த கையை மேலே காணலாம். உழைத்துச் சிவந்த கையின் நினைவைக் கீழே காணலாம். இரண்டும் ஒரே சீமைக்கு உரியன. நம் பிள்ளைகள் இரண்டையும் அறிந்து வளர்வார்களாக!

வாழ்க கவிஞர் திருப்பெயர்! வளர்க தமிழ்!